கிழக்கு ஏழுக்கு இன்னோர் ஆள்

உலகத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பெயர்தான் இருக்க வேண்டும் என்று மல்லுக்கட்டியே தலை நரைத்துப்போன ஒருத்தி, ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த மாமியாரை மட்டும் ஏன் வெகுகாலம் எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை? அவளைத் தெரிந்தவர்கள் எல்லோரும் எப்போதாவது இதை யோசித்திருக்கிறார்கள். அவளிடமே கேட்டவர்கள் குறைவு. கேட்டவர்களுக்கும் பதில் கிடைக்கவில்லை. "கூப்பிடுறதுன்னு நீங்க எதைச் சொல்றீங்க?" என்ற எதிர்க்கேள்விதான் கிடைத்தது.

அலுவலகத்தில் அவளுக்கு அகராதி என்று பெயர். வேலையைப் பார்த்து வைத்த பெயர் என்று அவள் நினைத்தாள். குணத்தைப் பார்த்து வைத்ததாக, வைத்தவர்கள் நினைத்தார்கள். இரண்டும் பொருந்திப்போனதால் தகராறு எழவில்லை.

அவள் பிறந்த வீட்டில் எதற்கும் பெயர் கிடையாது. அப்பா குழாய் ரிப்பேர் செய்பவர். "அந்த இதை எடுத்து அதுல மாட்டு" என்பார். அம்மா சரியானதை எடுத்துச் சரியானதில் மாட்டுவாள். அண்ணனும் மாட்டுவான். இவள் மட்டும் "எதை? எதுல?" என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள். "கண்ணு முன்னாடிதானே இருக்கு அது" என்பார் அப்பா. கண் முன்னால் எல்லாமே இருந்தது. அதுதான் அவளுடைய தொல்லை. பெயர் என்று ஒன்று இருந்தால் ஒருவர் மனதில் இருப்பது இன்னொருவர் கைக்கு வந்து சேரும் என்பதை அந்த வீட்டில்தான், அது இல்லாததை வைத்து, அவள் கற்றுக்கொண்டாள்.

வளர்ந்து அவள் போய்ச் சேர்ந்த வேலை அப்பா வீட்டை உலக அளவில் விரித்துவைத்தது போல இருந்தது. கிருமியைப் பார்த்ததும் 'இது நம்ம ஆள் இல்லை' என்று கண்டுபிடிக்கிற எதிர்ப்புச் சக்திக்குப் பின்னால் சில மரபணுக்கள் இருக்கின்றன. அவை ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். அப்படி மாறின வகைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒருவருடைய எலும்பு மஜ்ஜையை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டுமானால் இருவரின் வகைகளும் ஒத்துப்போக வேண்டும். ஆனால் ஒவ்வோர் ஆய்வகமும் தான் கண்ட வகைக்குத் தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்திருந்தது. ஒரே வகைக்கு இங்கே ஒரு பெயர், அங்கே ஒரு பெயர். பொருந்துகிற இரண்டு பேரைக் கணினி பொருந்தாதவர்கள் என்று சொல்லி அனுப்பிவிடும். இந்தப் பெயர்களையெல்லாம் ஒரு தரவுத்தளத்தில் கொண்டுவந்து, இரண்டும் ஒன்றா வேறா என்று பார்த்து, ஒன்றென்றால் ஒரே பெயரில் கட்டிப்போடுவது அவள் வேலை. பழைய பெயர்கள் 'மாற்றுப்பெயர்' என்ற பத்தியில் ஓய்வு பெற்றவர்களைப் போல வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

மாமியாரும் இதே துறை. ஊரின் மறுகோடியில் இருந்த ஓர் ஆய்வகத்தில் தலைவருக்கு அடுத்த இடத்தில் இருந்தார். கடைசி வரை அடுத்த இடத்திலேயே இருந்தார். அகராதி அங்கே பயிற்சிக்குப் போனபோது அவரை "மேடம்" என்று கூப்பிட்டாள். அம்மா மறந்துவிட்டுப் போன குடையைக் கொடுக்க மகன் வந்தார். அடுத்த வாரம் மழை இல்லாத நாளிலும் குடை கொண்டுவந்தார். கல்யாணமானதும் மாமியார் சொன்ன முதல் வார்த்தை, "இனிமே மேடம் கீடம்லாம் வேண்டாம். வீட்டுக்குள்ள எதுக்கு ஆபீஸ்?" சரி, பிறகு என்னவென்று கூப்பிடுவது என்பதை அவர் சொல்லவில்லை.

அகராதி யோசித்தாள். அத்தை என்று கூப்பிடலாம். ஆனால் அப்பாவுடன் பிறந்த மூன்று பேர் ஏற்கெனவே அந்தப் பெயரில் இருந்தார்கள். அம்மா என்று கூப்பிடலாம். அந்தப் பெயருக்கு உரியவள் உயிரோடு இருந்தாள், கோபக்காரியும்கூட. ஒரு பெயரை இரண்டு பேருக்குக் கொடுப்பது அவள் தொழிலில் குற்றம். ஆகவே விஷயம் முடிவாகாமல் நின்றது. அதற்கிடையில் வீடு நடக்க வேண்டுமே. தொண்டையைச் செருமினால் மாமியாருக்குத் தொலைபேசி வந்திருக்கிறது என்று அர்த்தம். தாழ்ப்பாளை ஆட்டினால் வாசலில் யாரோ நிற்கிறார்கள். பாத்திர விளிம்பில் கரண்டியால் இரண்டு தட்டு தட்டினால் சாப்பாடு தயார்.

"நம்ம வீட்டுல மனுஷங்களைவிடப் பாத்திரம்தான் அதிகமாப் பேசுது" என்பார் கணவர். அவர் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவர். நாள் முழுக்க "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்டுவிட்டு வந்து, வீட்டில் இரண்டு பெண்களுக்கு நடுவில் எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருப்பார்.

மாமியார் தன் வாழ்நாளில் கண்டுபிடித்தது ஒரே ஒரு வகை. அவருடைய மேசை கட்டடத்தின் கிழக்குப் பக்கத்தில் இருந்தது. அது அகப்பட்ட சோதனைக் குழாய் ஏழாவது. அதனால் 'கிழக்கு ஏழு' என்று பெயர் வைத்தார். கட்டுரையில் தலைவர் பெயர் முன்னாலும் இவர் பெயர் பின்னாலும் வந்தது. ஆனால் பெயர் வைத்தது இவர். அதை யாரும் பறிக்க முடியாது என்று இருந்தார். அப்புறம் அகராதியின் அலுவலகத்தை ஒட்டிய ஆய்வகத்திலும் ஓர் அபூர்வ வகை அகப்பட்டது. குழாயின் மூடி மஞ்சள் என்பதால் 'மஞ்சள் மூடி' என்று அங்கே பெயர். இரண்டும் ஒன்றேதான் என்று கண்டுபிடித்துக் கட்டிப்போட்டது அகராதியின் முதல் பெரிய வேலை. ஓர் எழுத்து, ஒரு நட்சத்திரக் குறி, முக்காற்புள்ளி வைத்துப் பிரித்த சில எண்கள் என்று கிழக்கு ஏழுக்கு அதிகாரப்பூர்வமான பெயர் கிடைத்தது. பெயர் சூட்டும் குழுவின் விதி இது: ஒரு வகையை ஒருவருக்கொருவர் உறவில்லாத இரண்டு பேரிடம் பார்த்திருக்க வேண்டும். ஒரே ஆளிடம் மட்டும் பார்த்திருந்தால் அது கருவியின் பிழையாகவும் இருக்கலாம். அதனால் 'உறுதி செய்யப்படாதது' என்று முத்திரை விழும். பொருத்தம் பார்க்கும் கணினி அதைக் கண்டுகொள்ளாது. மஞ்சள் மூடிக்காரர் வந்ததால் கிழக்கு ஏழுக்கு இரண்டாவது ஆள் கிடைத்தார். அன்றைக்கு மாமியார் மருமகளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பற்றி வீட்டில் வெகுகாலம் பேசினார்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் தரவுத்தளத்தின் புதுப் பதிப்பு வெளியாகிற நாளில் மாமியார் கணினி முன்னால் உட்கார்ந்து, பரீட்சை முடிவு பார்ப்பது போல, முதலில் கிழக்கு ஏழைத் தேடுவார். இருக்கும். மூடிவிட்டு எழுந்து போவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அலுவலகத்தில் ஒரு புதுச் சோதனையைக் கொண்டுவந்தார்கள். ஒரே ஆளின் ரத்தம் தெரியாமல் இரண்டு இடத்தில் பதிவாகி இருக்கிறதா என்று எல்லாப் பதிவுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடும் சோதனை. பெரும்பாலும் இரட்டைப் பிள்ளைகள்தான் அகப்படுவார்கள். அகராதி திரையைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடித்தாள். கிழக்கு ஏழுக்காரரும் மஞ்சள் மூடிக்காரரும் எல்லா மரபணுவிலும் அச்சு மாறாமல் ஒரே மாதிரி என்று வந்தது. இரட்டையர் என்று எழுதப்போனாள். ரத்தம் கொடுத்தவர் யார் என்ற இடத்தில் இரண்டிலும் ஆளின் பெயர் இல்லை. வழக்கப்படி 'ஊழியர் குடும்பம்' என்று மட்டும் இருந்தது. தேநீரைக் கீழே வைத்தாள்.

அங்கே ரத்தம் எடுத்த ஒரு நாள் நினைவுக்கு வந்தது; புதுக் கல்யாணம் ஆன சமயம். ஆய்வகத்துக்குப் புதுக் கருவி வந்திருந்தது. ஓட்டிப் பார்க்க ரத்தம் வேண்டும். அங்கே வேலை செய்தவர்கள் எல்லோரும் கொடுத்துக் கொடுத்துச் சலித்திருந்தார்கள். சாயங்காலம் இவளைக் கூட்டிப்போகக் கணவர் வந்து நின்றார். "கொஞ்சம் கையை நீட்டுங்க" என்றாள். நீட்டினார். அன்று எடுத்த குழாய்களையெல்லாம் விதிப்படி பெயர் மறைத்துக் கலந்துவிட்டார்கள். எந்தக் குழாய் யாருடையது என்று பிறகு அவளே தேடவில்லை.

மாமியார் நடைப்பயிற்சிக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவள் கணவரிடம் கேட்டாள். "என்னங்க, உங்க அம்மா எப்பவாவது உங்க ரத்தத்தை எடுத்திருக்காங்களா?"

"எப்பவாவதா? ரெண்டு பேரும் தினமும் அதைத்தானே பண்றீங்க."

"விளையாடாதீங்க. லேப்ல."

அவர் யோசித்தார். "காலேஜ் படிக்கிறப்போ ஒரு தடவை கூட்டிட்டுப் போனாங்க. ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்னாங்க. நீ பிஸ்கட்டு கொடுத்தே. ஐஸ்கிரீம்தான் நல்லா இருந்துச்சு."

அவள் விஷயத்தைச் சொன்னாள். ஒருவருக்கொருவர் உறவில்லாத இரண்டு பேர் என்று இத்தனை காலம் எழுதிவைத்தது இவர் ஒருவரைத்தான். கணவர் தன் இடது கையைப் பார்த்தார். பிறகு வலது கையைப் பார்த்தார். எது கிழக்கு, எது மஞ்சள் என்று அவருக்கு நினைவில்லை.

"அம்மாகிட்ட யார் சொல்றது?" என்றார்.

"நான்தான்."

"எப்படிக் கூப்பிட்டுச் சொல்லுவே?"



மறுநாள் அலுவலகத்தில் தன் குழுத் தலைவரிடம் போனாள். நல்ல மனிதர், அடுத்தவர் டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிட்டபடி நியாயம் பேசுகிறவர்.

"அகராதிம்மா, இது யாருக்குத் தெரியும்? எனக்கு, உங்களுக்கு, இந்தக் கணினிக்கு. கணினி உங்க மாமியார் வீட்டுக்கு வந்து சொல்லப்போகுதா?"

"விதி இருக்கே சார்."

"விதி இருக்கு. வீடும் இருக்கு. நீங்க ராத்திரி எங்க போய்ப் படுப்பீங்க? சரி, மனசு கேக்கலைன்னா விட்டுடுங்க. சொந்தக்காரங்க விஷயம்னு நீங்க விலகிக்கோங்க. நான் முத்திரையைப் போட்டுடறேன். பழி என்மேல."

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று தன் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் மாமியார் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவள் தொண்டையைச் செருமினாள். மாமியார் தொலைபேசியைப் பார்த்தார். அது சும்மா இருந்தது. மறுபடி செருமினாள். "தொண்டை கட்டியிருக்கா? வெந்நீர் குடி" என்றார். அவள் தாழ்ப்பாள் வரை போய்த் திரும்பி வந்தாள். இந்தச் செய்திக்கு என்று ஒரு சத்தம் அந்த வீட்டில் ஏற்படவில்லை. கடைசியில் எதிரே உட்கார்ந்து நேராகச் சொல்லிவிட்டாள்.

மாமியார் கேட்டு முடித்தார். செய்தித்தாளை நாலாக மடித்தார். அவர் அழவில்லை. சண்டைக்குத்தான் தயாரானார்.

"ஒரே ஆளுன்னு எப்படிச் சொல்றே?"

"எல்லா மரபணுவும் ஒண்ணா இருக்கு."

"மரபணுவை விடு. கிழக்கு ஏழுக்கு ரத்தம் கொடுத்தவன் என் பையன். சொன்ன பேச்சு கேப்பான். கூப்பிட்ட குரலுக்கு வருவான். மஞ்சள் மூடிக்கு ரத்தம் கொடுத்தது உன் புருஷன். அவன் யார் பேச்சைக் கேக்கறான்னு ஊருக்கே தெரியும். கல்யாணத்துக்கு முன்னாடி ஓர் ஆள், அப்புறம் வேற ஆள். ரெண்டு பேர்னு நான் நிரூபிக்கிறேன், வா."

வெகுகாலமாக இரண்டு பொருள்கள் ஒன்றா வேறா என்று பார்ப்பதே அகராதியின் பிழைப்பு. இந்த வாதத்தில் உண்மை இல்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை. "அப்படியே வச்சுக்கிட்டாலும்" என்றாள், "அந்த ரெண்டு பேரும் உறவுக்காரங்கதானே. உறவில்லாதவங்களா இருக்கணும்."

"கல்யாணத்துக்கு அப்புறம் என்ன உறவு இருந்துச்சு?" என்றார் மாமியார்.

மாடிவீட்டு அம்மாள் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டு இறங்கும்போது காதில் விழுந்தது இவ்வளவுதான்: "உங்க பையன் ஒரே ஆளுதான்", "இல்ல, ரெண்டு பேர்", "ரத்தம்". அன்றிலிருந்து அவர் அந்த வீட்டு வாசலைக் கொஞ்சம் வேகமாகக் கடந்தார். 'படிச்ச வீடு, ஆனா மாமியார் மருமக சண்டை எப்படின்னா, பையனை ரெண்டாப் பங்கு போட்டுக்கறாங்க' என்று தெருவில் பேச்சாயிற்று. அது பொய் என்று சொல்லவும் முடியாது.

மாமியார் வாதத்தோடு நிற்கவில்லை. வேறொரு நல்ல ஆளைக் கண்டுபிடித்தால் போதுமே. உறவில்லாத ஆள் என்றால் உலகமே உறவில்லாத ஆள்தான். பழைய ஆய்வகத்தில் தன்னிடம் வேலை பழகினவரிடம் பேசி ஏற்பாடு செய்தார். பிறகு வீட்டுக்கு வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கையைப் பார்க்கத் தொடங்கினார். மின்சார மீட்டர் பார்க்க வந்தவரை உட்காரவைத்து, "தம்பிக்கு நரம்பு எவ்வளவு எடுப்பா இருக்கு" என்றார். அவர் மீட்டரைப் பார்க்காமலே போய்விட்டார். கூரியர்காரர் சம்மதித்தார். முடிதிருத்துகிறவர், "நானே தினமும் கத்தி பிடிக்கிறவன், எனக்கென்ன பயம்" என்று வந்து, ஊசியைப் பார்த்ததும் சாய்ந்து, நாற்காலியோடு கீழே இருந்தார். மாடிவீட்டு அம்மாளையும் கேட்டார்.

"எதுக்குக்கா என் ரத்தம்?"

"உனக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை. அதான்."

"பத்து வருஷமா மேலயும் கீழயும் இருக்கோம், உறவு இல்லைன்னு சொல்லிட்டீங்களே" என்று அந்த அம்மாள் கண் கலங்கினார். ஆனாலும் ரத்தம் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "இப்போவாவது சொல்லுங்க, அந்த ரெண்டாவது பையன் எங்க இருக்கான்?" என்று கேட்டார்.

அகராதி இந்த வேட்டையைத் தடுக்கவில்லை. சம்மதப் படிவங்களை ஒழுங்காக வாங்குகிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொண்டாள். சில நாளில் அவளும் பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்கிறவர்களின் முழங்கைகளைப் பார்த்து, இவராக இருக்குமோ, அவராக இருக்குமோ என்று நினைப்பதைக் கண்டு தன்னையே திட்டிக்கொண்டாள். முடிவுகள் வந்தன. கூரியர்காரரிடம் இல்லை. முடிதிருத்துகிறவரிடம் இல்லை. மாடிவீட்டு அம்மாளிடம் வேறொரு வகை இருந்தது; நல்ல வகைதான், ஆனால் எல்லோரிடமும் இருப்பது. தெருவையே வடிகட்டிப் பார்த்தும் கிழக்கு ஏழு இருந்தது ஒரே ஆளிடம். அவர் கூடத்தில் உட்கார்ந்து தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னால ரெண்டு பேருக்கும் கஷ்டம்" என்றார்.

"நீ சும்மா இரு" என்றார் மாமியார். "சும்மா இருங்க" என்றாள் மனைவி. இரண்டும் ஒரே மூச்சில் வந்தன.

புதுப் பதிப்பு வெளியாகும் நாள் வந்தது. குழுத் தலைவர் அவள் மேசைக்கே வந்தார். "நான் போட்டுடட்டுமா? நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க."

"வேண்டாம் சார்."

"உங்க பேர்லதான் பதிவாகும். யார் முத்திரை போட்டதுன்னு எல்லாரும் பாக்கலாம். அந்த அம்மாவும் பாப்பாங்க."

"தெரியும் சார்."

முத்திரையை அவளே போட்டாள். உறுதி செய்யப்படாதது. கீழே தன் பெயர். பெயரை நீக்கவில்லை, எண்களை மாற்றவில்லை. ஒருமுறை கொடுத்த பெயரை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பதும் விதிதான். கிழக்கு ஏழு இன்னோர் ஆளுக்காக அங்கேயே காத்திருக்கும். தலைவர் அவள் தோள்பக்கம் நின்று பார்த்துவிட்டு, "உங்களை எதுல சேக்கறதுன்னே தெரியலை" என்று சொல்லிப் போனார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய பாராட்டு அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து சமைத்தாள். கூடத்தில் மாமியார் கணினியைத் திறந்து உட்கார்ந்திருப்பது சமையலறை வாசலிலிருந்து தெரிந்தது. விசைப்பலகையில் அந்த எழுத்தையும் நட்சத்திரத்தையும் எண்களையும் ஒவ்வொன்றாகத் தட்டினார். திரை மாறியது. அவர் ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே இறங்கினார். திரையின் அடிப்பகுதிக்கு வந்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுபோனார். முத்திரை போட்டவரின் பெயர் இருந்த இடம் அது.

கணவர் சாப்பாட்டு மேசையில் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தார். கரண்டிச் சத்தம் எப்போது வரும் என்று காத்திருந்தார். இன்றைக்கு அந்தச் சத்தத்துக்கு அம்மா வருவாரா என்பது அவருக்குச் சந்தேகம்.

அகராதி கரண்டியைக் கையில் எடுத்தாள். பாத்திரத்தின் விளிம்பு வரை கொண்டுபோனாள். பிறகு அதைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து நின்றாள்.

"மேடம், சாப்பிட வாங்க" என்றாள்.

கணவர் திரும்பிப் பார்த்தார். அந்த வார்த்தை அந்த வீட்டுக்குள் வரக் கூடாது என்று தடுத்தவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணாடியை இறக்கினார். மருமகளை, புதிதாகப் பயிற்சிக்கு வந்திருப்பவளைப் பார்ப்பது போல, மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார்.

"வரேன்" என்றார். கணினியை மூடிவிட்டு எழுந்தார்.

அன்றிலிருந்து அவள் வேறு எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடவில்லை. நல்ல நாளிலும் மேடம், சண்டையிலும் மேடம், மருத்துவமனையில் செவிலியர் "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்ட நாளிலும் மேடம்தான். ஏன் அத்தை இல்லை, ஏன் அம்மா இல்லை, அத்தனை நாளில் இல்லாமல் ஏன் அன்றைக்கு என்று கணவர் ஒருமுறை கேட்டார்.

"ஆறுது, சாப்பிடுங்க" என்றாள்.